எந்தக் கண்டி, எத்தனை கிலோ?



இன்றைக்கு உரம், பூச்சிமருந்து எதைப் பற்றியும் பேசப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "சொல்லைப் பற்றிப் பேசத் தமிழ் வாத்தியார் இருக்கிறாரே, விரிவாக்க அலுவலருக்கு அங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தச் சொல் வாயில் போட்டால் இனிக்கும். சந்தையில் பொருள் தெரியாமல் கேட்டால் மடியிலே கை வைத்துவிடும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சொல் 'கண்டு'. அதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று 'கண்டி'. பிள்ளைகள் மிட்டாய்க் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் 'கேண்டி' என்பதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

நான் வேலை பார்ப்பது காஞ்சிபுரத்தில். இந்த ஊரில் நின்றுகொண்டு 'கண்டு' என்று சொன்னால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தறிக்காரர் வீட்டில் கேட்டால் நூல் கண்டை எடுத்து நீட்டுவார்கள். இழையைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கினால் அது நூற்கண்டு. அதே தெருவில் நாலு எட்டு நடந்து கோயில் வாசல் கடையில் கேட்டால், காகிதத்தில் மடித்துக் கற்கண்டு கொடுப்பார்கள். அர்ச்சனைத் தட்டிலும், நிச்சயதார்த்தத் தாம்பாளத்திலும், குழந்தை பிறந்த வீட்டிலும் வைப்பது அந்தக் கண்டு. ஒலி ஒன்றுதான், பொருள் இரண்டு. இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. கேட்பவர் முகத்தைப் பார்த்தே கொடுப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கற்கண்டு என்பதைப் பிரித்தால் கல், கண்டு. கல்லைப் போல உறைந்த சர்க்கரைக் கட்டி. இந்தக் கண்டு என்பது வடமொழியில் உள்ள கண்டம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. கண்டம் என்றால் துண்டு. 'கண்டதுண்டமாக வெட்டினான்' என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கண்டம்தான். பூமிப் பரப்பின் பெரிய துண்டு ஒன்றை ஆசியாக் கண்டம் என்பதும் அதனால்தான். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, உறைய வைத்து, உடைத்து எடுத்ததால் சர்க்கரைக் கட்டிக்குத் துண்டு என்றே பெயராகிவிட்டது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் அரசாங்கக் களஞ்சியத்தில் இருக்கவேண்டிய இனிப்புப் பண்டங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் கண்டமும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது.

சர்க்கரை என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. வடமொழியில் அதற்கு முதல் பொருள் பருக்கைக் கல், சரளை. மணல் மணலாக உதிர்வதால் இனிப்புக்கும் அந்தப் பெயர் ஏறியது. அந்தச் சொல்தான் இன்னொரு வழியாக நம் தமிழில் 'அக்காரம்' ஆயிற்று. பெருமாள் கோயில்களில் அக்காரவடிசில் என்று பிரசாதம் தருகிறார்களே, அதிலே இருக்கிற அக்காரம் அதுவே.

இந்தத் துண்டும் இந்தச் சரளையும் நம் நாட்டு எல்லையோடு நின்றுவிடவில்லை. கரும்பை ஆட்டிச் சாற்றைச் சர்க்கரையாக்கும் வித்தையை நம் நாட்டிலிருந்து பாரசீகம் கற்றது. அங்கிருந்து அரபு நாடுகள் கற்றன. வித்தையோடு பெயரும் கப்பலேறிப் போயிற்று. பாரசீகத்தில் 'கந்த்', அரபியில் 'கந்தி', பிரெஞ்சில் 'காந்தி', ஆங்கிலத்தில் 'கேண்டி'. சர்க்கரை என்பது பாரசீகத்தில் 'ஷக்கர்', அரபியில் 'சுக்கர்', ஆங்கிலத்தில் 'சுகர்'. மலையாளத்தார் சொல்லும் 'சக்கர' போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து வெளியே வந்தபோது 'ஜாகரி' ஆகிவிட்டது. இன்றைக்கு ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு அதுதான் பெயர்.

வெளியே போனதைப் போலவே உள்ளே வந்ததும் உண்டு. நாம் சீனி என்கிறோம். அது சீன நாட்டின் பெயர். வடநாட்டார் கற்கண்டை மிஸ்ரி என்கிறார்கள். மிஸ்ர் என்பது எகிப்து நாட்டுக்கு அரபிப் பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்பார்கள். அஸ்கா என்பது ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. அங்கே ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. மூட்டையோடு வந்த ஊர்ப்பெயர் சரக்குக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. மிட்டாய் என்பது இந்தியின் 'மிட்டாயி'. அங்கே எல்லா இனிப்புப் பலகாரத்துக்கும் அதுதான் பெயர். நாமோ அதைச் சுருக்கிப் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டுவிட்டோம். ஆனாலும் நம் பிள்ளைகள் வாயில் அது நன்றாகவே ஊறிவிட்டது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கரிசல் காட்டுக் கடலையும் வெல்லமும் சேர்ந்து வாங்கிய பெருமை அது.

கற்கண்டு எப்படிக் கட்டுகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சூடான தண்ணீர் நிறையச் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறிய தண்ணீருக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. கெட்டிப் பாகை ஆற விட்டால், தாங்க முடியாத சர்க்கரை வெளியே வந்து எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பாத்திரத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நூலைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டாமல் அசைக்காமல் நாள் கணக்கில் விட்டால் பட்டை பட்டையாகப் பெரிய கட்டி விளையும். அவசரப்பட்டுக் கிளறினால் பொடியாகப் போய்விடும். பெரிய கற்கண்டுக் கட்டியை உடைத்தால் நடுவே நூல் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூற்கண்டும் கற்கண்டும் அங்கே ஒன்று சேர்ந்துவிடுகின்றன, பாருங்கள்!

பதநீரைக் காய்ச்சிச் செய்யும் பனங்கற்கண்டும் இதே முறைதான். அதற்கு வாரக் கணக்கில் பொறுமை வேண்டும். இப்போது வெள்ளைச் சர்க்கரைப் பாகுக்கு நிறமேற்றிப் பனங்கற்கண்டு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் இடம் பார்த்து வாங்குங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கற்கண்டு கோயிலில் கொடுத்தாலும், கடையில் வாங்கினாலும் சர்க்கரைதான். பெயர் மாறினால் குணம் மாறாது.

சரி, இனிப்புக் கதை போதும். இனி மடிக்கதைக்கு வருவோம்.

வானொலியில் சந்தை நிலவரம் கேட்கிறீர்கள். செய்தித்தாளிலும் பார்க்கிறீர்கள். 'பஞ்சு விலை கண்டிக்கு இத்தனை ரூபாய் உயர்ந்தது', 'கண்டிக்கு இத்தனை ரூபாய் சரிந்தது' என்று வருகிறது. இந்தக் கண்டி எது? தின்கிற கண்டும் அல்ல, சுற்றுகிற கண்டும் அல்ல. இலங்கையில் உள்ள கண்டி நகரமும் அல்ல. அந்த ஊர்ப் பெயர் மலை என்று பொருள்படும் 'கந்த' என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் சனங்கள் கூலிக்குப் போன காலத்தில் 'கண்டிச் சீமை' என்று சொன்னார்களே, அந்தக் கண்டி. இதற்கும் சந்தைக்கும் சம்பந்தம் இல்லை.

சந்தையில் சொல்லும் கண்டி ஒரு எடை. மராத்தியில் 'கண்டி', தெலுங்கிலும் 'கண்டி'. துண்டாக்குவது, பங்கு போடுவது என்ற அதே வடமொழி வேரிலிருந்துதான் இதுவும் வந்தது என்பது சொல்லாராய்ந்தவர்கள் கணக்கு. ஆக, மிட்டாயும் இந்த எடையும் பங்காளிகள்!

நம் பாட்டன் காலத்துக் கணக்கைச் சொல்கிறேன். 40 பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு கண்டி. இது சென்னைக் கண்டி. ராத்தல் கணக்கில் 500 ராத்தல்; கிலோவில் ஏறக்குறைய 227. ஆனால் பம்பாயில் மணங்கு என்றால் 28 ராத்தல். அங்கே இருபது மணங்குக் கண்டி 560 ராத்தல், அதாவது 254 கிலோ. அதே பம்பாயில் பஞ்சு வியாபாரிகள் மட்டும் இருபதுக்குப் பதில் 28 மணங்கை ஒரு கண்டி என்று வைத்துக்கொண்டார்கள். அது 784 ராத்தல். கிலோவில் ஏறக்குறைய 356.

பார்த்தீர்களா? பெயர் ஒன்று. ஓர் இடத்தில் 227 கிலோ, ஓர் இடத்தில் 254 கிலோ, ஒரு சரக்குக்கு 356 கிலோ. ஒரு கண்டிக்கும் இன்னொரு கண்டிக்கும் 129 கிலோ வித்தியாசம். பெயரை மட்டும் கேட்டு விலை பேசினவன் கதி என்ன ஆகியிருக்கும்!

இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956-ஆம் ஆண்டில் எடை அளவுச் சட்டம் கொண்டுவந்து, நாடு முழுக்கக் கிலோ, லிட்டர், மீட்டர் என்று ஆக்கினார்கள். வீசையும் மணங்கும் போய்விட்டன. ஆனால் பஞ்சுக் கண்டி மட்டும் போகவில்லை. பம்பாய்ப் பஞ்சுக் கணக்கான அந்த 356 கிலோதான் இன்றைக்கும் நாடு முழுவதும் பஞ்சு வியாபாரத்தில் நடக்கிறது. கோயம்புத்தூர் மில்காரரும் அந்தக் கண்டியைத்தான் பேசுகிறார்.

இனி நான் சொல்வதைப் பருத்தி போடுகிற பெரம்பலூர், சேலம், விருதுநகர் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்கவேண்டும். எங்கள் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களும் எழுந்து போய்விடாதீர்கள், உங்களுக்கும் கடைசியில் சேதி இருக்கிறது.

கண்டி விலை என்பது பஞ்சுக்குச் சொல்லும் விலை. அதாவது விதை நீக்கி அரைத்த பஞ்சு. நீங்கள் விற்பது பஞ்சு அல்ல, விதையோடு கூடிய பருத்தி. அதைக் குவிண்டால் கணக்கில் விற்கிறீர்கள். ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 34 கிலோ பஞ்சு கிடைக்கும். மீதியில் ஒன்றிரண்டு கிலோ கழிவு போக 64 கிலோ அளவுக்குப் பருத்திக்கொட்டை. ஒரு கண்டிப் பஞ்சு வேண்டுமானால் பத்தரைக் குவிண்டால் பருத்தி அரைக்கவேண்டும்.

கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். கண்டிக்கு 53,400 ரூபாய். இதை 356-ஆல் வகுத்தால் கிலோ பஞ்சு 150 ரூபாய். உங்கள் குவிண்டாலில் உள்ள 34 கிலோ பஞ்சுக்கு 5,100 ரூபாய். பருத்திக்கொட்டை கிலோ 30 ரூபாய் என்றால் 64 கிலோவுக்கு 1,920 ரூபாய். ஆக மொத்தம் ஒரு குவிண்டால் பருத்திக்குள் இருக்கும் சரக்கின் மதிப்பு 7,020 ரூபாய். அரைவைக் கூலி, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம் எல்லாம் இதிலிருந்துதான் போகவேண்டும். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அவரும் பிழைக்கவேண்டுமே. ஆனால் எவ்வளவு கழிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். விலை அன்றாடம் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது.

இன்னும் முக்கியமானது இது. "கண்டிக்கு மூவாயிரம் இறங்கிப் போச்சுங்க. உங்க பருத்திக்கு ஆயிரம் ரூபாய் கொறைச்சுத்தான் எடுக்க முடியும்" என்று களத்து மேட்டில் வந்து ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரம் என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். பயப்படாமல் கணக்குப் போடுங்கள். கண்டிக்கு ஆயிரம் ரூபாய் இறங்கினால் கிலோ பஞ்சுக்கு இரண்டே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேலே இறங்கும். உங்கள் குவிண்டாலில் இருப்பது 34 கிலோ பஞ்சுதான். ஆகவே குவிண்டாலுக்கு 95 ரூபாய்தான் இறங்கவேண்டும். மூவாயிரம் இறங்கினால் 285 ரூபாய். ஆயிரம் எங்கே, 285 எங்கே?

மனதில் வைத்துக்கொள்ளச் சுலபமாகச் சொல்கிறேன். கண்டிக்கு ஆயிரம் என்றால் பருத்திக் குவிண்டாலுக்கு நூறு. இறங்கினாலும் அப்படித்தான், ஏறினாலும் அப்படித்தான். இறங்கும்போது மட்டும் உடனே சொல்லி, ஏறும்போது வாயைத் திறக்காமல் இருந்தால், "அண்ணே, கண்டிக்கு ரெண்டாயிரம் ஏறியிருக்குன்னு ரேடியோவிலே சொன்னாங்களே, நமக்கு இருநூறு கூட்டிப் போடுங்க" என்று நீங்கள் கேட்கலாம். கொட்டை விலை மாறினாலும், பருத்தியில் ஈரமோ தூசியோ இருந்தாலும், இழை நீளம் குறைந்தாலும் விலை மாறும் என்பதும் உண்மை. அதனால் பருத்தியை நன்றாகக் காயவைத்து, கொட்டும் சருகும் நீக்கி, ரகம் பிரித்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே மறைமுக ஏலத்தில் நாலு வியாபாரி விலை எழுதுவார்கள். எடையும் உங்கள் கண் முன்னால் நடக்கும்.

இனிக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்து நெல்லுக்காரர்களுக்கு வருகிறேன். உங்களுக்குக் கண்டி இல்லை, 'மூட்டை' இருக்கிறது. மூட்டை என்ன விலை என்று கேட்கிறீர்கள். எத்தனை கிலோ மூட்டை? வியாபாரியிடம் ஓர் ஊரில் 75 கிலோ, இன்னோர் ஊரில் 80 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. பக்கத்து ஊரில் மூட்டைக்கு நூறு ரூபாய் அதிகம் என்று கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு போனால், அங்கே மூட்டைக்கு ஐந்து கிலோ அதிகம் அளக்கவேண்டியிருக்கலாம். வெல்லத்துக்குச் 'சிப்பம்' என்று ஒரு கணக்கு. கவுந்தப்பாடிச் சந்தையில் அது 30 கிலோ. எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு ஜரிகை வாங்குவதில் 'மார்க்' என்று ஒரு கணக்கு. ஏறக்குறைய 242 கிராம். மார்க் தெரியாமல் ஜரிகை வாங்கினால் சேலையில் போட்ட உழைப்பு கையில் தங்காது என்பதைத் தறிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். விவசாயியும் அதே கண்ணோடு இருக்கவேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சேதி. பஞ்சுக் கண்டியைப் பற்றிப் பேசினேன். பஞ்சு மிட்டாயைப் பற்றிப் பேசாமல் போனால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். பஞ்சு மிட்டாயில் பஞ்சு கிடையாது. சர்க்கரையை உருக்கிச் சுழற்றி இழை இழையாக்கினதுதான். சர்க்கரையையே நூலாக்கிவிட்டார்கள்! அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு நிறத்துக்காக ரோடமின்-பி என்ற சாயத்தைச் சிலர் கலந்தார்கள். அது துணிக்குப் போடுகிற சாயம். வயிற்றுக்குப் போகக் கூடாதது. உடம்புக்குப் பெரிய கேடு செய்யக் கூடியது. பரிசோதனையில் இது தெரியவந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டார்கள். சாயத்தின் அருமையும் தெரியும், ஆபத்தும் தெரியும், எங்கள் பட்டு நெசவு ஊர்க்காரர்களுக்கு. சாயம் சேலையில் இருக்கவேண்டும், நாக்கில் ஒட்டக் கூடாது. திருவிழாவில் பிள்ளை அடம் பிடித்தால் நிறம் பளபளக்கும் பண்டத்தை வாங்காதீர்கள். ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். கடலை போடுகிறவனுக்கும், கரும்பு போடுகிறவனுக்கும் சேர்த்துக் கொடுத்த காசாக இருக்கும்.

ஆகவே நண்பர்களே, சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். துண்டு என்று பொருள்பட்ட ஒரு சின்னச் சொல் கரும்புத் தோட்டத்தில் பிறந்து, கடல் கடந்து போய், மிட்டாய்க் காகிதத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதன் பங்காளி தராசில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சொல்லுக்குப் பல பொருள் இருப்பதில் தப்பில்லை. அது மொழியின் செல்வம். ஆனால் தராசுத் தட்டுக்கு ஒரே பொருள்தான் இருக்கவேண்டும். அதற்குப் பெயர் கிலோ.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். சந்தையில் போடுவதை அளக்காமல் போடலாமா? கண்டி என்றாலும், மூட்டை என்றாலும், சிப்பம் என்றாலும், விலை பேசுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். "எதுக்குச் சொல்ற விலைங்க இது? எத்தனை கிலோவுக்குங்க?" கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதில் வந்த பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். வீட்டில் ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் கையில் பென்சிலைக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்று அதற்கும் தெரிந்துபோகும். கணக்குச் சரியாக வந்தால், அந்தப் பிள்ளை வாயில் ஒரு கற்கண்டும் போடுங்கள்.